குவார்ட்டர்பேக்கா, டிஃபென்ஸ் நட்சத்திரமா? - ஹூஸ்டன் எழுதிய நான்கு பரீட்சைகள்

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் போதும், அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்களுக்குள் ஒரு சண்டை ஆரம்பித்துவிடும். "நம்ம டீம் குவார்ட்டர்பேக்கை எடுக்கணுமா, இல்லை டிஃபென்ஸில் ஒரு ராட்சசனை எடுக்கணுமா?" இதுதான் அந்தச் சண்டை. ஆட்கள் வருடா வருடம் மாறுவார்கள். கேள்வி மட்டும் மாறவே மாறாது!

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். என்.எஃப்.எல். என்ற லீகில் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை இந்த அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர் டிராஃப்ட். நம் ஊர் ஐ.பி.எல். ஏலம் மாதிரி பணத்தை வைத்துப் போட்டி கிடையாது. போன வருடம் படுமோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. அதாவது கடைசி பெஞ்சுக்காரனுக்கு முதல் மரியாதை!

குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் மூளை. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவர் முடிவு செய்யவேண்டும். எதிர் அணியின் டிஃபென்ஸ் ஆட்கள் அதற்குள் அவரைப் பிடித்துக் கீழே சாய்த்துவிட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர். அப்படி நடக்காமல் காப்பதற்காக அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். இதைத்தான் 'லைன்' என்கிறார்கள். இந்த ஐந்து பேரையும் மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இவர்கள் வருவார்கள்.

2000 முதல் 2025 வரை 26 டிராஃப்ட்கள் நடந்திருக்கின்றன. முதல் தேர்வாக 19 முறை குவார்ட்டர்பேக், 2 முறை லைனில் நிற்பவர், 5 முறை மட்டும் டிஃபென்ஸ் ஆட்டக்காரர். அந்த ஐந்தில் இரண்டு முறை அப்படி எடுத்தது ஒரே அணி: ஹூஸ்டன் டெக்சன்ஸ். குவார்ட்டர்பேக்கை முதலில் எடுத்த அனுபவமும் அதே அணிக்கு உண்டு. ஆக, இந்தக் கேள்விக்கு விடை தேட ஹூஸ்டனைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

முதல் பரீட்சை: 2002

டெக்சன்ஸ் அப்போதுதான் பிறந்த அணி. புதிய அணி என்பதால் முதல் தேர்வு அவர்களுக்குக் கிடைத்தது. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் டேவிட் காரை எடுத்தார்கள். வயது 22. நல்ல கை, நல்ல உயரம், நல்ல பிள்ளை என்ற பெயர். யாருமே குறை சொல்லவில்லை.

இரண்டாவது தேர்வு கரோலைனா பேந்தர்ஸ் அணிக்கு. 2001-ல் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் ஜெயித்த அணி அது. அவர்கள் எடுத்தது ஜூலியஸ் பெப்பர்ஸ் என்ற டிஃபென்சிவ் எண்ட். எதிரணி லைனின் ஓரத்தில் நின்று, அதைச் சுற்றி வந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துவதுதான் அவர் வேலை.

ஹூஸ்டனின் முதல் ஆட்டம் கனவு மாதிரி இருந்தது. பக்கத்து ஊர் டல்லாஸ் கௌபாய்ஸை 19-10 என்று தோற்கடித்தார்கள். அதன்பிறகுதான் வினை ஆரம்பித்தது. காருக்கு முன்னால் நிற்க வேண்டிய சுவர் இல்லை. அந்தச் சுவருக்கு மூலைக்கல்லாக இருப்பார் என்று டோனி போசெல்லி என்ற பெரிய ஆட்டக்காரரைக் கொண்டுவந்திருந்தார்கள். தோள்பட்டைக் காயத்தால் அவர் ஹூஸ்டனுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமலே ஓய்வு பெற்றுவிட்டார். அந்த ஒரு சீசனில் மட்டும் கார் வாங்கிய சாக் 76. ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து தடவை, நூற்றுமுப்பது கிலோ ஆட்கள் வந்து மேலே விழுகிறார்கள். இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை அது. யாரும் விரும்பாத சாதனை!

2005-ல் மறுபடியும் 68. ஐந்து வருடத்தில் மொத்தம் 249. ஒரு மனிதனை இத்தனை முறை தரையில் தள்ளினால் என்ன ஆகும்? பந்தை எறிவதற்கு முன்பே அடி எங்கிருந்து வரும் என்று கண் தேட ஆரம்பித்துவிடும். மைதானத்தில் தன் ஆள் எங்கே ஓடுகிறான் என்று பார்க்கவேண்டிய கண், தன்மேல் பாய்பவனைப் பார்க்கும். 2007-ல் ஹூஸ்டன் அவரை அனுப்பிவிட்டது. அதன்பிறகு அவர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே காலத்தை ஓட்டினார்.

பெப்பர்ஸ் கதை என்ன? 1-15 என்று கிடந்த அணிக்குப் போய் முதல் வருடமே 12 ஆட்டத்தில் 12 சாக் எடுத்தார். அந்த வருடத்தின் சிறந்த புதுமுக டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கினார். அடுத்த சீசனில் கரோலைனா சூப்பர் பவுல் வரை போனது. அந்த சூப்பர் பவுல் நடந்த இடம் எது தெரியுமா? 2004 பிப்ரவரி 1, ஹூஸ்டன் மைதானம்! தாங்கள் வேண்டாம் என்று விட்ட ஆளை ஹூஸ்டன்காரர்கள் தங்கள் ஊரிலேயே பார்த்தார்கள். நியூ இங்கிலாந்திடம் 32-29 என்று கரோலைனா தோற்றது வேறு விஷயம். அந்த கரோலைனாவின் குவார்ட்டர்பேக் ஜேக் டெலோம், எந்த டிராஃப்டிலும் யாராலும் எடுக்கப்படாதவர். பெப்பர்ஸ் 2024-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார்.

"கார் திறமையில்லாதவர், பெப்பர்ஸ் திறமைசாலி, அவ்வளவுதானே" என்று சிலர் சொல்லலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி வேலையின் தன்மையில் இருக்கிறது. டிஃபென்சிவ் எண்டின் வேலை பெரும்பாலும் எதிரில் நிற்பவனுக்கும் அவனுக்கும் நடக்கும் மல்யுத்தம். பக்கத்தில் இருப்பவன் சொதப்பினாலும் இவன் தன் வேலையைச் செய்யலாம். மோசமான அணியில் மாட்டினால் அதிகபட்சம் தோற்றுப்போவான், ஆனால் ஆட்டத்தை மறக்கமாட்டான். குவார்ட்டர்பேக்கின் நிலைமை அப்படி இல்லை. லைனில் ஐந்து பேரும், பந்தைப் பிடிக்கிறவர்களும், பயிற்சியாளரும் சரியாக இருந்தால்தான் அவர் குவார்ட்டர்பேக். இல்லையென்றால் நடுவில் நிற்கும் இலக்கு, அவ்வளவுதான்.

இரண்டாம் பரீட்சை: 2006

2005-ல் 2-14 என்று முடித்த ஹூஸ்டனுக்கு மறுபடியும் முதல் தேர்வு. இந்த முறை ஊரே விடையை எழுதி வைத்திருந்தது. வின்ஸ் யங்! ஹூஸ்டனில் வளர்ந்த பையன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக். 2006 ஜனவரி 4-ம் தேதி நடந்த ரோஸ் பவுலில், 19 விநாடி மிச்சமிருக்கும்போது தானே ஓடி டச் டவுன் போட்டு, யு.எஸ்.சி.யை 41-38 என்று வீழ்த்தியவர். இவர் வேண்டாம் என்பவர்களுக்கு அதே யு.எஸ்.சி.யின் ரெஜி புஷ் இருந்தார். ஓடினால் பிடிக்க ஆளில்லை.

டெக்சன்ஸ் எடுத்தது மேரியோ வில்லியம்ஸ் என்ற டிஃபென்சிவ் எண்ட்! ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். பத்திரிகைகள் கிண்டலடித்தன. யங் மூன்றாவது இடத்தில் டென்னசி டைட்டன்ஸுக்குப் போனார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல, அந்த டைட்டன்ஸ் ஒரு காலத்தில் ஹூஸ்டன் ஆய்லர்ஸ் என்ற பெயரில் இதே ஊரில் இருந்துவிட்டு, ஊரை விட்டுப் போன அணி. 2006 டிசம்பரில் யங் ஹூஸ்டனுக்கு வந்து, கூடுதல் நேரத்தில் 39 கஜம் ஓடி டச் டவுன் போட்டு ஜெயித்துவிட்டுப் போனார். அந்த வருடத்தின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. வில்லியம்ஸுக்கு அந்த வருடம் கிடைத்தது வெறும் நாலரை சாக்.

அன்றைக்குக் கணக்கை முடித்திருந்தால் ஹூஸ்டன் ஃபெயில். ஆனால் டிராஃப்ட் கணக்கை ஒரு வருடத்தில் முடிக்கக்கூடாது. 2007-ல் வில்லியம்ஸ் 14 சாக், 2008-ல் 12. ஆறு சீசனில் ஹூஸ்டனுக்காக மொத்தம் 53. யங் 2010-க்குப் பிறகு டென்னசியில் இல்லை. 2011-க்குப் பிறகு லீகிலேயே ஒரு ஆட்டம் ஆடவில்லை.

ஆனால் ஹூஸ்டனை முழுசாகப் பாராட்டவும் முடியாது. அவர்கள் யங்கை விட்டதற்கு ஒரு முக்கியக் காரணம், "நம்மிடம்தான் டேவிட் கார் இருக்கிறாரே" என்ற எண்ணம். அடுத்த வருடமே அந்தக் காரை அனுப்பிவிட்டார்கள்! விடை சரி, வழிமுறை தப்பு. கணக்கு வாத்தியாராக இருந்தால் பாதி மார்க்தான் போடுவார்.

அதே டிராஃப்டில் 33-வது தேர்வாக இன்னொரு டிஃபென்ஸ் பையனையும் ஹூஸ்டன் எடுத்தது. பெயர் டெமெக்கோ ரயன்ஸ். அவரைப் பற்றிக் கடைசியில்.

டிஃபென்ஸ் எவ்வளவு தூரம் கூட்டிப்போகும்?

மூன்றாவது பரீட்சைக்கு முன்னால் 2011-ஐப் பார்க்க வேண்டும். அந்த டிராஃப்டில் முதல் பன்னிரண்டு இடத்துக்குள் நான்கு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். முதலிடம் கேம் நியூட்டன், அது நல்ல தேர்வு. 8-வது ஜேக் லாக்கர், 10-வது பிளெய்ன் கேபர்ட், 12-வது கிறிஸ்டியன் பாண்டர். இந்த மூவருமே எடுத்த அணிகளின் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. 10-க்கும் 12-க்கும் நடுவில், 11-வது இடத்தில் ஹூஸ்டன் எடுத்தவர் ஜே.ஜே. வாட் என்ற டிஃபென்ஸ் ஆட்டக்காரர். லீகின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருதை 2012, 2014, 2015 என்று மூன்று முறை வாங்கியவர்.

அந்த வருடம்தான் ஹூஸ்டன் முதல்முறையாக பிளே ஆஃபுக்குப் போனது. முதல் குவார்ட்டர்பேக்குக்குக் காயம். அதனால் ஐந்தாவது சுற்றில் எடுத்த டி.ஜே. யேட்ஸ் என்ற புதுப் பையன் ஆடினார். அப்படியிருந்தும் சின்சினாட்டியை 31-10 என்று ஜெயித்தார்கள். வாட் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி டச் டவுனும் போட்டார். டிஃபென்ஸ் கட்சிக்காரர்கள் விசில் அடிக்கவேண்டிய இடம் இது.

ஆனால் அடுத்த ஆட்டத்தையும் சொல்லித்தானே ஆகவேண்டும்? பால்டிமோருக்கு எதிராக யேட்ஸ் மூன்று முறை பந்தை எதிரணி கையில் எறிந்தார். 20-13 தோல்வி. வாட் ஹூஸ்டனில் ஆடிய பத்து வருடத்தில் அந்த அணி ஒரு சூப்பர் பவுலுக்கும் போகவில்லை. அதே 2011 டிராஃப்டின் இரண்டாவது தேர்வு, டென்வர் அணியின் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் வான் மில்லர். 2016 பிப்ரவரியில் நடந்த 50-வது சூப்பர் பவுலில், முதல் தேர்வான நியூட்டனைத் துரத்தித் துரத்தி அடித்து, 24-10 என்று ஜெயித்து ஆட்டநாயகன் விருது வாங்கினார். அப்படிப்பட்ட நாட்களும் உண்டு. ஆனால் அவை அபூர்வம். டிஃபென்ஸ் நட்சத்திரம் வாசல் வரை கூட்டிப்போவார். உள்ளே போக வழக்கமாக ஒரு குவார்ட்டர்பேக் வேண்டும். இதை ஒப்புக்கொள்ளாமல் டிஃபென்ஸ் பக்கம் பேசுவது நேர்மையில்லை.

மூன்றாம் பரீட்சை: 2014

2013-ல் மறுபடியும் 2-14. மறுபடியும் முதல் தேர்வு. ஹூஸ்டன் எடுத்தது ஜடேவியன் க்ளவுனி, டிஃபென்சிவ் எண்ட். குவார்ட்டர்பேக்கில் பிளேக் பார்ட்டல்ஸ் மூன்றாவது இடத்திலும் ஜானி மான்செல் 22-வது இடத்திலும் போனார்கள். இருவரையும் விட்டதற்காக ஹூஸ்டனில் இன்று யாரும் வருத்தப்படமாட்டார்கள். க்ளவுனிக்கு முதல் வருடமே முழங்கால் காயம். பிறகு நன்றாக ஆடினார் என்றாலும் ஹூஸ்டனில் ஒரு சீசனில்கூட பத்து சாக் எடுக்கவில்லை. அதே டிராஃப்டில் 13-வது இடத்தில் போன ஆரன் டொனால்ட், பிற்பாடு அந்தச் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கினார். ஆக, டிஃபென்ஸ் என்று முடிவு செய்துவிட்டாலே பிரச்சினை தீர்ந்துவிடாது. அங்கேயும் ஆளைப் பார்த்து எடுக்கத் தெரியவேண்டும்.

ஓக்லாந்து ரெய்டர்ஸ் அந்த வருடம் செய்ததுதான் பாடம். ஐந்தாவது தேர்வில் கலீல் மேக் என்ற டிஃபென்ஸ் நட்சத்திரம். 36-வது தேர்வில் ஒரு குவார்ட்டர்பேக். அவர் பெயர் டெரிக் கார். ஆமாம், டேவிட் காரின் தம்பியேதான்! 2016-ல் ஓக்லாந்து 12-4. தம்பிக்குச் சற்று முன்னால், 33-வது தேர்வு ஹூஸ்டன் கையில்தான் இருந்தது. லைனுக்கு ஒரு ஆளை எடுத்தார்கள். அண்ணன் இருந்த காலத்தில் தேவைப்பட்ட சுவருக்குத் தம்பி காலத்தில் செங்கல் வாங்கினார்கள்!

குவார்ட்டர்பேக் இல்லாத ஹூஸ்டன் அதன்பிறகு திண்டாடியது. 2016-ல் பிராக் ஆஸ்வைலருக்கு நான்கு வருடத்துக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம். ஒரே வருடத்தில் சலித்துப்போய், அவரை எடுத்துக்கொள்வதற்காக க்ளீவ்லாந்துக்கு ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கூடவே கொடுத்து அனுப்பினார்கள். டிராஃப்டில் எடுக்காத குவார்ட்டர்பேக்குக்கும் விலை உண்டு. அதை வேறு கடையில் கொடுக்கவேண்டியிருக்கும்.

நான்காம் பரீட்சை: 2023

இந்த முறை ஹூஸ்டனுக்கு இரண்டாவது தேர்வு. முதல் தேர்வை வாங்குவதற்காக கரோலைனா பேந்தர்ஸ் பல தேர்வுகளோடு டி.ஜே. மூர் என்ற தங்கள் சிறந்த பந்து பிடிப்பவரையும் சிகாகோவுக்குக் கொடுத்தது. எடுத்தது குவார்ட்டர்பேக் பிரைஸ் யங். பெப்பர்ஸை எடுத்துக் கரையேறிய அதே கரோலைனா! பந்தைப் பிடிக்கிறவனை விற்று, எறிகிறவனை வாங்கினார்கள். அந்த வருடம் யங் வாங்கிய சாக் 62. அணி 2-15. பயிற்சியாளரை நடு சீசனில் நீக்கினார்கள். 2024-ல் இரண்டே ஆட்டம் முடிந்ததும் யங்கையே வெளியில் உட்காரவைத்தார்கள். அவர் திரும்பி வந்து தலைநிமிர்ந்தது அவருடைய மனதைரியம்.

ஹூஸ்டன் இரண்டாவது தேர்வில் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்தது. சில நிமிடத்தில் அரிசோனாவிடம் பேசி மூன்றாவது தேர்வையும் வாங்கி, டிஃபென்சிவ் எண்ட் வில் ஆண்டர்சனை எடுத்தது. அதாவது கேள்வித்தாளில் 'அல்லது' என்று இருந்ததை அடித்துவிட்டு இரண்டுக்குமே விடை எழுதினார்கள்! அந்த வருடத்தின் சிறந்த புதுமுக விருதுகள் இரண்டுமே, ஆஃபென்ஸில் ஸ்ட்ரவுட், டிஃபென்ஸில் ஆண்டர்சன் என்று ஹூஸ்டனுக்கே வந்தன. 3-13-1 என்றிருந்த அணி 10-7 ஆனது. பயிற்சியாளர் யார்? 2006-ல் 33-வது தேர்வாக வந்த அந்த டெமெக்கோ ரயன்ஸ்!

இதிலும் ஒரு பின்குறிப்பு உண்டு. 2024-ல் ஹூஸ்டனின் லைன் ஆட்டம் கண்டது. ஸ்ட்ரவுட் 52 முறை சாக் ஆனார். முதல் வருடம் ஐந்தே முறை பந்தைப் பறிகொடுத்தவர், இரண்டாம் வருடம் 12 முறை பறிகொடுத்தார். அதே கை, அதே மூளை. ஆண்டர்சன் அதே 2024-ல் 11 சாக் எடுத்தார். சுவர் விரிசல் விட்டபோது சித்திரம் கலைந்தது. பக்கத்தில் நின்ற காவல்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியென்றால் விடை?

குவார்ட்டர்பேக் விலைமதிப்பு அதிகம், சந்தேகமில்லை. 2011-ல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தபிறகு சூதாட்டச் செலவும் குறைந்துவிட்டது. 2010-ன் முதல் தேர்வு சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகை மட்டும் 5 கோடி டாலர். 2011-ல் நியூட்டனின் மொத்த ஒப்பந்தமே சுமார் 2.2 கோடிதான். அதனால்தான் 2018 முதல் 2025 வரை எட்டு டிராஃப்டில் ஏழில் குவார்ட்டர்பேக்கே முதலில் போனார். "போனால் போகட்டும், எடுத்துப் பார்ப்போம்" என்ற மனநிலை வந்துவிட்டது.

ஆனால் போவது பணம் மட்டும் அல்ல. 22 வயதுப் பையனின் பிழைப்பும்தான். முதல் தேர்வு யாருக்குக் கிடைக்கிறது? மோசமான அணிக்கு. மோசமான அணியில் எது இருக்காது? சுவர். ஆகவே இந்த முறையே, யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவனைப் பாதுகாப்பே இல்லாத இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். பல லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் அணி மேலாளர்களுக்குத்தான் தெரியவில்லை.

எனவே தேர்வு செய்யும் அணி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது "எது பெரியது, குவார்ட்டர்பேக்கா டிஃபென்ஸா?" என்பதல்ல. "இவனை வாங்கி எங்கே நிறுத்தப் போகிறோம்?" என்பதுதான். லைனும் பயிற்சியாளரும் தயார் என்றால், ஆளும் நிஜமாகவே தகுதியானவன் என்றால், குவார்ட்டர்பேக்கை யோசிக்காமல் எடுக்கலாம். தயார் இல்லையா? டிஃபென்ஸ் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, அந்த வருடம் சுவரைக் கட்டவேண்டும். ரசிகர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். மேரியோ வில்லியம்ஸையும்தான் திட்டினார்கள்.

முதலில் குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்ட அணிக்கும் மீள வழி உண்டு. 2024-ன் முதல் தேர்வான சிகாகோவின் கேலப் வில்லியம்ஸ் அந்த வருடம் 68 முறை சாக் ஆனார். அடுத்த வருடம் சிகாகோ லைனுக்குப் புது ஆட்களையும் புதுப் பயிற்சியாளரையும் கொண்டுவந்தது. சாக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. 2025-ல் அணி 11-6 என்று முடித்தது. பையன் அதே பையன்தான்.

டேவிட் காருக்கு யாராவது அப்படி ஒரு சுவர் கட்டிக்கொடுத்திருந்தால் அவர் எப்படி ஆடியிருப்பார்? அதற்கு இனி விடை கிடைக்காது. அவருடைய பெயர் சாதனைப் புத்தகத்தில் 76 என்ற எண்ணுக்கு நேராக இருக்கிறது. அந்த எண் அவருடைய மார்க் இல்லை. 2002-ல் ஹூஸ்டன் எழுதிய பரீட்சையின் மார்க்.